ஒரு பிடி குறைய

கூட்டுறவுச் சங்கத்தில் நெல் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றி என்னை நிறை பார்த்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காலபோக அறுவடை முடிந்த நேரம். அரசாங்கம் காடு வெட்டக் காணி கொடுத்த கிளிநொச்சிக் கொலனியில், எங்கள் வாய்க்காலில் வயல் செய்கிற எல்லோரும் மூட்டைகளோடு வரிசையில் நிற்கிறார்கள். என் கணவர் மனேச்சரிடம் போய், "இவவுக்குக் காய்ச்சல் மருந்து குடுக்கிறதுக்கு டொக்டர் நிறை கேட்டவர், ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ" என்று ஒரு பொய்யைச் சொன்னார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறினேன்.

"ஒண்டரை அந்தரும் பத்து இறாத்தலும்" என்று மனேச்சர் ஊருக்கே கேட்கும்படி கத்தினார். இன்றைய கணக்கில் எண்பது கிலோ. மூட்டைக்குக் கத்திப் பழகிய வாய். "சாக்கு நிறையைக் கழிச்சுப் பாருங்கோ" என்று வரிசையில் நின்ற ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அவருடைய சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. வெள்ளாமை நன்றாகப் போகிறது என்பதற்கு என் உடம்புதான் அவருக்குச் சாட்சி. அன்றைக்கு அந்தத் தராசை அப்படியே இரணைமடுக் குளத்துக்குள் தூக்கிப் போட வேண்டும்போல இருந்தது.

காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குச் சலரோகம். இப்போது சீனி வருத்தம் என்கிறார்கள். அதற்கு முந்தின கிழமைதான் தாகமும் உள்ளங்கால் எரிவும் தாங்காமல் ஆசுப்பத்திரிக்குப் போயிருந்தேன். டொக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் என் சலத்தைச் சில துளி விட்டு, விளக்கில் பிடித்துக் காய்ச்சினார். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே அது செங்கட்டிச் சிவப்புக்கு, செங்கல் நிறத்துக்கு, வந்துவிட்டது.

"நீலமாய் நிண்டால் சீனி இல்லை அம்மா. இது கடைசி நிறம்" என்றார்.

என் அம்மாவுக்கும் இதே வருத்தம். காலில் கல் குத்திய ஒரு சின்னக் காயம் ஆறவே இல்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவா ஒரு வருடம்தான் இருந்தா, அந்த ஒரு வருடமும் பாயில். எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. ஏழு வயதில் ஒரு பெண்பிள்ளை. எனக்குக் கால் வேண்டும். வரம்பில் நடக்கிற, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய இரண்டு கால் வேண்டும். வேறு ஒன்றும் அன்றைக்கு என் தலைக்குள் இல்லை.

நான் அழ ஆரம்பித்ததும் டொக்டர் கொஞ்சம் சிரித்தார். "பட்டினி கிடக்க வேண்டாம். நாளைக்கே மெலியவும் வேண்டாம். ஏறின சதை ஏறின வேகத்திலதான் இறங்க வேணும். சீனியை மட்டும் இண்டையோட விடுங்கோ. சோத்தில ஒரு பிடி குறையுங்கோ. ஒரு மாசம் அது பழகட்டும். பிறகு இன்னொரு பிடி." பஸ் கிடைப்பதே பெரும்பாடு என்று தெரிந்தவர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும், நிறையைச் சங்கத்துத் தராசிலே பார்த்து எழுதி வையுங்கோ என்றும் சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸிலே கணவர் என் காதுக்குள் சொன்ன முதல் வார்த்தை, "இஞ்சரும், இதை ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது" என்பதுதான். "கொம்மாவுக்கும் இருந்தது, உமக்கும் இருக்கெண்டால் பரம்பரை வருத்தமெண்டு கதைப்பினம். நாளைக்குப் பிள்ளையை ஆர் கேட்டு வருவான்?"

என் காலைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளையின் கலியாணத்தைப் பற்றித்தான் கவலை. எனக்கு அங்கேயே கோபம் வந்தது. வந்தும் என்ன, தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் அவர்மேல் வரும் கோபத்தில் பாதி என்மேல் திரும்பிவிடும்.

நான் எப்படி இவ்வளவு பருத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஆசைப்பட்டுத் தின்று பருத்தவள் இல்லை நான். எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேர்: கணவர், அவருடைய அக்காவான என் மச்சாள், பிள்ளை, நான். நாலு பேருக்கு மூன்று சுண்டு அரிசி தாராளம். ஆனால் நாலு சுண்டு போடுவோம். நாலாவது சுண்டு வராத ஆளுக்கு. கொலனியில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து யாராவது திடீரென்று வந்து இறங்குவார்கள், றோட்டில் இருந்து இரண்டு மைல்கட்டை தூரம் நடந்து பசியோடு வருவார்கள், வந்தவருக்கு உலை வைக்கும்வரை காத்திருக்கச் சொல்லலாமா? நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வராத ஆளின் சோற்றை யார் தின்பது? சோற்றைக் கொட்டினால் பாவம். நாய்க்கு அவ்வளவு போட மனம் வராது. கணவர் சாப்பிட்டு எழும்பி, மச்சாள் சாப்பிட்டு எழும்பி, பிள்ளை அளைந்துவிட்டு எழும்பி, கடைசியாகக் குசினிக்குள் பானையோடு உட்காருகிறவள் நான். பானைக்கு அடி தெரியும்வரை தின்ன வேண்டியவளும் நான். அப்போதும் மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி, விடியப் பழஞ்சோறு, அதுவும் எனக்கு. எட்டு வருடமாக வராத விருந்தாளிக்கெல்லாம் சேர்த்துத் தின்றவள் பருக்காமல் என்ன செய்வாள்?

ஆகவே என் முதல் சண்டை பானையோடு. அரிசி களைவதற்கு முன் ஒரு பிடியை அள்ளித் திரும்பப் பெட்டிக்குள் போட்டேன். மச்சாள் கண்டுவிட்டா. என் கணவருக்கு மூத்தவ, கலியாணம் செய்யாமல் எங்களோடு இருந்தவ, வீட்டுச் சட்டமெல்லாம் அவாவின் வாயில் இருந்துதான் வரும்.

"உலையில போற அரிசியைத் திருப்பி அள்ளுறது தரித்திரம். உன்ர கையில அப்பிடி என்ன வந்தது?"

"எனக்கு வருத்தம் வந்தது மச்சாள். மிச்சச் சோத்தை இனி நீங்கள் தின்னுங்கோ, நான் அள்ளமாட்டன்."

என்ன வருத்தம் என்று சொல்லவில்லை. அடுத்த நாளில் இருந்து ஒரு பிடி குறைந்தது.

சொல்லச் சுகமாக இருக்கிறது. ஒரு பிடி சோறு என்ன பெரிய காரியம் என்று கேட்பீர்கள். மிளகாய்க்குக் களை பிடுங்கிவிட்டு வந்து நின்றால் அந்த ஒரு பிடிதான் கண்ணுக்குள் நிற்கும். முதல் மாதம் முழுக்க நான் எல்லோரிலும் எரிந்து விழுந்தேன். பிள்ளை பாணும் சீனியும் தின்றால் அதிலும் கோபம். பிறகு மெல்ல மெல்ல ஒரு வழி பிடித்தேன். எல்லோரும் சாப்பிட்டு முடிய உட்காராமல், பசி ஏறுவதற்கு முன்னரே என் பங்கைக் கோப்பையில் போட்டு, மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். பொம்பிளை முதலில் தின்கிறாளாம் என்று மச்சாள் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தா. இருக்கட்டும். கோப்பையில் பாதிக்குக் கீரையும் வாழைப்பொத்தி வறையும் பாவற்காயும். மீன் ஒரு துண்டு, குளத்து யப்பான் மீன். சொதி இரண்டு கரண்டி. இரவில் சோற்றை விட்டுக் குரக்கன் பிட்டு, அதுவும் ஒரு சிரட்டை அளவு. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள். நான் மெல்லுகிற வேகத்தில் மாடு அசை போட்டு முடித்துவிடும்.

இரண்டாவது மாதம் சங்கத்துத் தராசில் மூன்று இறாத்தல் குறைந்திருந்தது. மூன்றே மூன்று. அவ்வளவு பசிக்கும் கோபத்துக்கும் மூன்று இறாத்தலா என்று அழுகை வந்தது. ஆசுப்பத்திரிக் குழாயில் நிறம் செங்கட்டிச் சிவப்பில் இருந்து தோடம்பழ மஞ்சளுக்கு ஏறியிருந்தது. டொக்டர் அதைக் காட்டி, "அம்மா, இப்பிடியே போங்கோ. அவசரப்பட்டியளோ, எல்லாத்தையும் விட்டிட்டுப் பழையபடி பானையோட இருப்பியள்" என்றார். மனிதர் என் குணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

சோற்றை நான் வென்றேன். தோற்றது தேத்தண்ணியில்.

எங்கள் வேலிக்கு மற்றப் பக்கம் ஒரு குடும்பம் இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் என்றால் அவர்களும் நாங்களும் வேலிக்கு வேலி குடியிருந்திருக்க மாட்டோம். எங்கள் ஆட்கள் உயர்த்தி என்றும் அவர்கள் தாழ்த்தி என்றும் ஊரே பிரிந்து கிடந்த இடத்தில் இருந்து வந்தவர்கள் நாங்கள். கொலனியில் காணி சீட்டு விழுந்தபடி. அரசாங்கம் சாதி பார்த்துச் சீட்டுக் குலுக்கவில்லை. அந்த வீட்டுக்காரி என்னைவிட ஐந்து வயது இளையவள். காடு வெட்டின முதல் வருடம் எனக்கு மலேரியா வந்து அறிவில்லாமல் கிடந்தபோது, மச்சாள் அப்போது இங்கே வரவில்லை, என் பால்குடிப் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்த் தன் பிள்ளையோடு சேர்த்துப் பால் கொடுத்தவள் அவள். என் பிள்ளை இன்றைக்கு உயிரோடு இருப்பதற்கு அவள்தான் காரணம். அவளுடைய தாய் எங்கள் பெண்களை 'நாச்சியார்' என்றுதான் கூப்பிடுவா. அதுதான் குடாநாட்டு வழக்கம், மாற்றிக் கூப்பிட்டால் அடி விழும். இவள் காடு வெட்டின அன்றே என்னை 'அக்கா' என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது.

பத்து மணிக்குக் களை பிடுங்கி ஏறினால் அவள் வீட்டுக் குசினியில் தேத்தண்ணி. என் வீட்டாரில் அந்த வீட்டில் கை நனைத்த ஒரே ஆள் நான். மச்சாளுக்குத் தெரியும், தெரியாததுபோல இருந்தா. பாலும் தேயிலையும் சீனியும் ஒன்றாகப் போட்டுக் காய்ச்சி, கரண்டி நிமிர்ந்து நிற்கும்படி தங்கள் வீட்டுக் கோப்பையிலேயே தருவாள். எனக்கென்றால் இன்னும் ஒரு கரண்டி சீனி கூட. அன்பு அப்படி.

டொக்டர் சொன்னதற்கு மறுநாள் பத்து மணிக்கு அவள் கூப்பிட்டாள். நான் என்ன சொல்வது? வருத்தம் என்று சொல்லக்கூடாது. சீனி போடாமல் தா என்றால் ஏன் என்று கேட்பாள். "வயிறு சரியில்லையடி" என்றேன். அடுத்த நாள், "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்." வெள்ளிக்கிழமை, "இண்டைக்கு விரதம்." வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு வாழைக்கு ஊற்றியிருக்கலாம். அந்தப் புத்தி வரவில்லை. பத்துப் பதினைந்து நாளாக ஒவ்வொரு சாட்டுச் சொல்லிக்கொண்டு அவள் படலையைக் கடந்து போனேன். பிறகு அவள் கூப்பிடவில்லை. அப்பாடா என்றுகூட இருந்தது எனக்கு. எவ்வளவு மொக்குச் சீவன் நான்!

ஒருநாள் வாய்க்கால் கட்டில் எதிரே வந்தாள். "என்னடி, ஆளைக் காணேல்லை?" என்றேன்.

அவள் வழியை விட்டு இறங்கி ஓரமாக நின்றாள். "வேலை நாச்சியார்" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு இருக்கும்போதுதான் விளங்கியது. அவர்கள் ஏதாவது குடிக்கத் தந்தால் எங்கள் ஆட்கள் ஒருநாளும் 'நீ இன்ன சாதி, உன் கையால் வேண்டாம்' என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. நாங்கள் அவ்வளவு மரியாதைக்காரர்! வயிறு சரியில்லை என்போம். இப்போதுதான் குடித்தேன் என்போம். இன்றைக்கு விரதம் என்போம். அந்தச் சாட்டுகளைப் பரம்பரை பரம்பரையாகக் கேட்டவர்கள் அவர்கள். அர்த்தம் அவர்களுக்கு மனப்பாடம். மூன்றையும் ஒன்று விடாமல், ஒழுங்கு பிசகாமல் நான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

அது போதாதென்று அன்றைக்கு மத்தியானம் மச்சாள் குசினி வாசலில் வந்து நின்று சிரித்தா. "இப்ப நீ அங்க குடிக்கிறேல்லையாம். இப்பவாவது எங்கட குடும்பத்துப் புத்தி உனக்கு வந்துதே, நல்லது" என்றா.

கையில் இருந்த அகப்பையை நான் சுவரில் எறிந்தேன். அது இரண்டாகப் பிளந்தது. "எனக்கு வந்தது புத்தியில்லை, வருத்தம்! சலத்தில சீனி!" என்று வாய்க்காலுக்கே கேட்கும்படி கத்தினேன். என் பசியை, என் அம்மாவின் காலை, நான் தின்னாமல் விட்ட ஒவ்வொரு பிடியையும் தூக்கித் தங்கள் சாதிப் பெருமைக்கு மாலையாகப் போட்டுவிட்டார்களே! கணவர் வந்து, "மெல்லக் கதையும், மெல்லக் கதையும்" என்றார். "பிள்ளைக்கு மாப்பிள்ளை வராட்டில் வராமல் போகட்டும். அவளின்ர பால் குடிச்ச பிள்ளை இது" என்றேன். அவர் வெளியே போய்விட்டார்.

அன்று பின்னேரமே வேலியடிக்குப் போனேன். அவள் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடிக் குழாய், செங்கட்டி நிறம், என் அம்மா, கணவர் வாயைக் கட்டினது, எல்லாம். மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"ஓம் நாச்சியார். வருத்தமெண்டால் கவனமாய்த்தான் இருக்க வேணும்" என்றாள்.

சண்டை பிடித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் சண்டை பிடிக்கவில்லை. நாலாவது சாட்டு இது என்று நினைத்தாளோ, நம்பினாளோ, எனக்குத் தெரியாது. நம்பினாலும் அந்தப் பதினைந்து நாள் அவளுக்கு நடந்தது நடந்ததுதானே.

பிறகு ஒன்றரை வருடம் நான் மெலிந்தேன். மாதம் இரண்டு இறாத்தல், சில மாதம் ஒன்று. கோயில் பொங்கல் வந்த மாதம் ஒன்று கூடவும் செய்தது. சட்டை தொளதொளத்தது, காப்பு முழங்கைவரை ஏறியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டோ? சலரோகம் என்று நானே கத்திச் சொல்லியும், கசரோகம் என்றார்கள், செய்வினை என்றார்கள், மனிசன் பட்டினி போடுகிறான் என்றார்கள். காணுகிற இடமெல்லாம், "என்ன பிள்ளை, உருகிப் போனாய்! ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போ" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர்களுக்கெல்லாம் இப்போது பட்டென்று சொன்னேன்: "சலரோகம். சீனி ஆகாது. சோறு ஒரு அகப்பை போடுங்கோ, அதுக்கு மேல போட்டால் எழும்பிப் போவன்." முதலில் முறைத்தார்கள். பிறகு ஒரு அகப்பை போடப் பழகினார்கள். இவ்வளவுதான் விசயம். முதல் நாளே, முதல் வீட்டிலே, அவள் வீட்டிலே நான் சொல்லியிருக்க வேண்டிய இரண்டு வரி.

கடைசியில் சங்கத்துத் தராசு ஒரு அந்தரும் முப்பது இறாத்தலும், இன்றைய கணக்கில் அறுபத்துநாலு கிலோ, காட்டியது. மனேச்சர் அதையும் கத்தினார், ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த மாதம் ஆசுப்பத்திரியில் டொக்டர் குழாயை விளக்கில் பிடித்தார். கொதித்தது, நுரைத்தது, நீலமாகவே நின்றது. "இனிக் காலைப் பற்றி யோசிக்காதேங்கோ. இந்தச் சாப்பாட்டை மட்டும் விடாதேங்கோ" என்றார்.

பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேரே அவள் படலையைத் திறந்துகொண்டு போனேன். முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீலம் வந்திட்டுதடி" என்றேன். "தேத்தண்ணி தா. சீனி மட்டும் போடாதை."

அவள் கையில் ஒட்டிய நெல்லைத் தட்டிவிட்டாள். குசினிக்குள் போனாள். நான் வழக்கம்போலப் பின்னால் போகப் பார்த்தேன். "நீங்கள் அதில இருங்கோ நாச்சியார், உள்ளுக்குப் புகை" என்றாள். தாழ்வாரத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்தால் வெளியே வந்து, தாழ்வாரத்து வளைமரத்தில் கவிழ்த்திருந்த ஒரு பழைய பால் தகரப் பேணியை எடுத்து, அதில் ஊற்றித் தந்தாள்.

"உங்களுக்கெண்டு புறிம்பாய் எடுத்து வைச்சிருக்கிறன். சீனி படாத பேணி. வேற ஒருத்தரும் இதில குடிக்கிறேல்லை."

அவள் முகத்தில் கோபம் இல்லை. வேண்டுமென்று செய்தாளோ, வருத்தக்காரிக்குக் கவனமாகச் செய்தாளோ, அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

இவ்வளவு நேரமும் பானையில், மச்சாளில், கணவரில், ஊரில் எல்லாம் கோபப்பட்டு எழுதினேன். ஒன்றை எழுதாமல் வைத்திருந்தேன். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலும் ஒரு பேணி இருந்தது. அவள் வந்தால், எங்கள் பாத்திரத்தில் வாய் படாமல் குடிப்பதற்கு. மச்சாள் வருவதற்கு முந்தியே இருந்தது, ஆகவே வைத்தது நான்தான். என் பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் எட்டு வருடமாக அதில்தான் குடித்தாள். குடித்துவிட்டு அவளே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். நான் அவள் வீட்டுக் குசினியில் குடிக்கிறேன், என்னைப்போல நல்லவள் உண்டோ என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பேணியை நான் எடுத்து எறியவே இல்லை.

தேத்தண்ணி கசந்தது. முழுவதையும் குடித்தேன். வெறும் பேணியை வாங்க அவள் கை நீட்டவில்லை. நான் கிணற்றடிக்குப் போய் அதைக் கழுவி, வளையில் கவிழ்த்துவிட்டு வந்தேன்.